மலைக்கு வந்த இரண்டு படிப்புகள்

1986 ஜனவரி 6 அன்று ஜவ்வாது மலையில் காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி திறந்துவைக்கப்பட்டது. பிரதமர் ராஜீவ் காந்தி வந்திருந்தார். வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் அந்த ஆய்வகத்துக்குச் சூட்டப்பட்டது. அதற்கு முன்பே, 1960களின் இறுதியில், சிறிய தொலைநோக்கி ஒன்று அந்த மலைக்கு வந்துவிட்டது. 1977-இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை உலகின் சில இடங்களிலிருந்து ஒரே இரவில் பார்த்தவர்களில் காவலூரில் இருந்தவர்களும் உண்டு.

வானியலாளர்களை ஜவ்வாதுக்கு இழுத்தது அதன் இருட்டு. நகரத்து வெளிச்சம் எட்டாத வானம் அங்கே கிடைத்தது. விளக்கு இல்லாதது மலையில் குடியிருந்தவர்களுக்குக் குறை. தொலைநோக்கிக்கு அதுவே தகுதி. இந்த முரணை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அடுத்த செய்தியைப் படிக்க வேண்டும்.

2024 பிப்ரவரியில் இன்னொரு செய்தி வந்தது. ஜவ்வாது மலையை அடுத்த புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, 23 வயதில், உரிமையியல் நீதிபதிப் பதவிக்கான தேர்வில் வெற்றி பெற்றார். மலையாளி பழங்குடியினரிலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் என்று எல்லா நாளிதழ்களும் எழுதின. ஏலகிரி மலையில் பள்ளிப் படிப்பு, பிறகு பி.ஏ., பி.எல். 2023 நவம்பரில் முதன்மைத் தேர்வு நடந்தபோது அவருக்குப் பெண் குழந்தை பிறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பச்சை உடம்போடு 200 கிலோமீட்டருக்கு மேல் காரில் சென்னை சென்று எழுதினார்.

முதலில் வந்த தொலைநோக்கிக்கும் பிறகு வந்த நீதிபதிக்கும் இடையே 38 ஆண்டுகள். இந்த மலைக்கு அறிவியல் ஒரு நிறுவனமாக வெளியிலிருந்து வந்தது. சட்டமும் அப்படித்தான், வனத்துறைக் காவலராக, வழக்காக, அழைப்பாணையாக வந்தது. இரண்டையும் மலையிலிருந்து ஒரு பெண் தன் கையில் எடுத்துக்கொள்ள வழி இருந்ததா, இன்று இருக்கிறதா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. அறிவியல் பட்டத்தையும் சட்டப் பட்டத்தையும் சேர்த்துப் படிப்பது நகரத்துப் பணக்காரப் பிள்ளைகளின் கூடுதல் அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. பெண்களின் வரலாறு வேறு மாதிரி சொல்கிறது.

'நபர்' என்ற சொல்

கார்னீலியா சோராப்ஜி 1892-இல் ஆக்ஸ்போர்டில் சட்டத் தேர்வு எழுதினார். தேறியும் அங்கே பட்டம் கையில் வர முப்பது ஆண்டுகள் ஆயின். 1916-இல் கல்கத்தாவில் ரெஜினா குஹா சட்டப் பட்டத்தோடு வழக்குரைஞராகப் பதிவுசெய்யக் கேட்டார். 1879-ஆம் ஆண்டுச் சட்டம் தகுதியுள்ள 'நபர்' என்றுதானே சொல்கிறது, பெண் நபர் இல்லையா என்பது வாதம். உயர்நீதிமன்றம் மறுத்தது. 1921-இல் பாட்னாவில் சுதான்ஷுபாலா ஹஸ்ராவுக்கும் அதே பதில் கிடைத்தது. அதே ஆண்டு அலகாபாத் உயர்நீதிமன்றம் சோராப்ஜியைப் பதிவுசெய்தது. ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே சொல். ஓர் ஊரில் பெண் நபர், இன்னோர் ஊரில் இல்லை. 1923-இல் பெண்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றிய பிறகுதான் இந்தக் குழப்பம் தீர்ந்தது. சென்னையில் 1929-இல் ஆனந்தா பாய் வழக்குரைஞராகப் பதிவுசெய்தார். சென்னைச் சட்டக் கல்லூரி 1891-இல் தொடங்கியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அறிவியலின் கதவில் தாழ்ப்பாள் வேறு மாதிரி இருந்தது. சென்னையில் ராணி மேரி கல்லூரி 1914-இலும் பெண்கள் கிறித்துவக் கல்லூரி 1915-இலும் தொடங்கின. ஜானகி அம்மாள் ராணி மேரியில் படித்து, மாநிலக் கல்லூரியில் 1921-இல் தாவரவியல் ஆனர்ஸ் பெற்றார். ஆக, பட்டம் வரை பெண்ணுக்கு இடம் இருந்தது. ஆராய்ச்சிக்கூடத்தின் வாசலில்தான் சிக்கல். 1933-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கமலா சோஹோனி விண்ணப்பித்தபோது, இயக்குநராக இருந்த சி.வி. ராமன் பெண் என்ற காரணத்துக்காகவே மறுத்தார். கமலா விடவில்லை. கடைசியில் நிபந்தனைகளோடு, ஓராண்டுச் சோதனை முறையில் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்த இரண்டு தாழ்ப்பாள்களும் சேர்ந்து ஒரு விளைவை உண்டாக்கின. அறிவியல் படித்த பெண்ணுக்குப் பெண்கள் கல்லூரியில் ஆசிரியை வேலை என்ற ஒரு 'கௌரவமான' இடம் இருந்தது. வீடும் அதை ஏற்றுக்கொண்டது. சட்டம் படித்த பெண்ணோ ஆண்கள் நிறைந்த வழக்கு மன்றத்தில் எழுந்து நின்று பேச வேண்டும். அறிவியல் அடக்கமான படிப்பு, சட்டம் வாயாடிப் படிப்பு என்ற பிரிவினை இப்படித்தான் வேர்விட்டது. இன்றும் பிளஸ் ஒன்னில் 'குரூப்' எடுக்கும்போது வீட்டில் நடக்கும் பேச்சைக் கவனித்தால் அந்த வேர் தட்டுப்படும்.

வேதியியல் படித்த நீதிபதி

பத்தனம்திட்டையில் 1927-இல் பிறந்த பாத்திமா பீவி, திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியில் வேதியியலில் பி.எஸ்சி. படித்தார். பிறகு அதே ஊரின் அரசு சட்டக் கல்லூரியில் பி.எல். அறிவியலிலிருந்து சட்டத்துக்கு அவரைத் திருப்பியது தந்தை மீரா சாகிப்பின் விருப்பம். அந்த விருப்பத்துக்குப் பின்னால் இன்னொரு பெண் இருந்தார். திருவிதாங்கூரில் 1937-இல் முன்சீப்பாக நியமிக்கப்பட்ட அன்னா சாண்டியின் வாழ்க்கை அந்தத் தந்தையைக் கவர்ந்திருந்தது. ஒரு பெண் ஒரு நாற்காலியில் உட்கார்ந்ததைப் பார்த்த தந்தை, தன் மகளுக்கும் அந்த நாற்காலி உண்டு என்று நம்பினார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, முன்னோடி ஒருவர் இருந்தால் அது எத்தனை வீடுகளின் கணக்கை மாற்றுகிறது என்பது. மற்றொன்று, முடிவு எடுத்தவர் தந்தை என்பது. ஒரு பெண்ணின் இரண்டு பட்டங்களுக்கு நடுவே உள்ள பாலத்தை ஓர் ஆண் போட வேண்டியிருந்தது. அன்பினால் போட்டார் என்பது உண்மை. ஆனால் அப்படி ஒரு தந்தை வாய்க்காதவர்களின் பெயர் வரலாற்றில் வராது என்பதும் உண்மை.

1950 நவம்பரில் பாத்திமா பீவி வழக்குரைஞரானார். 1958-இல் முன்சீப், 1974-இல் மாவட்ட நீதிபதி, 1983-இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதி. 1989 அக்டோபர் 6 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. முன்சீப் மேசையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை 31 ஆண்டுகள் படிப்படியாக ஏறிய அவர், அங்கே இருந்தது இரண்டரை ஆண்டுகள்தான். 1992 ஏப்ரலில் ஓய்வு.

1997 ஜனவரியில் அவர் தமிழ்நாட்டின் ஆளுநரானார். அதே ஆண்டில் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் செயல்படத் தொடங்கியது. ஆளுநரே வேந்தர் என்பதால், வேதியியலும் சட்டமும் படித்த ஒரு பெண் அந்தப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தார். 2001-இல், ஊழல் வழக்கில் தண்டனை பெற்றிருந்த ஜெயலலிதாவுக்கு முதல்வராகப் பதவிப்பிரமாணம் செய்துவைத்ததற்காக அவர் கடுமையாக விமர்சிக்கப்பட்டார். அந்த நியமனம் செல்லாது என்று அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னோடிப் பெண்ணைக் கும்பிடு போட்டு ஒதுக்கிவைப்பதைவிட, அவருடைய முடிவுகளையும் கேள்வி கேட்பதே மரியாதை என்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு சாட்சி, ஒரு மரபணு

ஜவ்வாது மலையின் மேற்குச் சரிவைத் தாண்டினால் ஊத்தங்கரை. அந்த ஊரில் பிறந்தவர் ஆர். பானுமதி. அவருக்கு இரண்டு வயதானபோது தந்தை பேருந்து விபத்தில் இறந்தார். தாய் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டு, தீர்ப்பும் கிடைத்து, பணம் மட்டும் கைக்கு வரவே இல்லை. நடைமுறைச் சிக்கலும் உதவிக்கு ஆள் இல்லாததும்தான் காரணம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்ற நாளில் அவரே சொன்னார்.

1997 ஆகஸ்டில் பானுமதி புதுக்கோட்டை அமர்வு நீதிபதியாக இருந்தார். விராலிமலைக்கு அருகே ஆசிரமம் நடத்திய பிரேமானந்தா மீதான வழக்கு அவரிடம் வந்தது. ஆசிரமத்தில் இருந்த பெண்கள் பலர் இலங்கையிலிருந்து வந்த ஆதரவற்ற தமிழ்ப் பிள்ளைகள். 13 பெண்களை வல்லுறவு செய்த குற்றச்சாட்டும் ஒரு கொலைக் குற்றச்சாட்டும் விசாரணைக்கு வந்தன. கருக்கலைப்பு செய்யப்பட்ட ஒரு பெண்ணின் கருவிலிருந்து எடுத்த மாதிரி, ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் மரபணுச் சோதனைக்கு உள்ளானது. எதிர்த்தரப்பு பிரிட்டனிலிருந்து நிபுணர் ஒருவரைக் கூட்டிவந்து அந்தச் சோதனையில் குறை சொல்ல வைத்தது. நீதிபதி இரு தரப்பு அறிவியலையும் கேட்டு, எடைபோட்டு, ஆயுள் தண்டனை விதித்தார். 2005-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

அந்த வழக்கில் பெண்களின் வாக்குமூலம் இருந்தது. அதன் பக்கத்தில் மரபணுவும் வந்து நின்றது. ஆதரவற்ற பிள்ளையின் பேச்சை யார் நம்புவார்கள் என்று இருந்த தைரியத்தைச் சோதனைக்கூடம் உடைத்தது. அதே சமயம், சோதனைக்கூடத்தின் பேச்சை நீதிமன்றத்தில் புரிந்துகொள்ள ஆள் இல்லாவிட்டால், வெளிநாட்டு நிபுணரை வாங்க முடிந்தவர் பக்கம் அறிவியல் சாய்ந்துவிடும் என்பதும் அந்த வழக்கு காட்டும் பாடம்.

அறிவியலின் பெயரால் பெண்ணை அவமதித்ததும் நீதிமன்றங்களில் நீண்ட காலம் நடந்திருக்கிறது. வல்லுறவுக்கு ஆளான பெண்ணிடம் மருத்துவர்கள் செய்த 'இரு விரல் சோதனை' அதற்குச் சாட்சி. அதற்கு மருத்துவ ஆதாரமே கிடையாது. பெண்ணுக்கு முன்பு உறவு இருந்ததா என்று துருவி, அவள் பேச்சை மதிப்பிழக்கச் செய்யவே அது பயன்பட்டது. 2013-இல் உச்ச நீதிமன்றம் அது பெண்ணின் அந்தரங்க உரிமையை மீறுகிறது என்றது. 2022-இல், இனியும் அதைச் செய்பவர்கள் ஒழுங்கீனக் குற்றத்துக்கு ஆளாவார்கள் என்றே சொல்ல வேண்டி வந்தது. அறிவியல் என்று சொல்லி நீட்டப்படும் தாள் உண்மையில் அறிவியல்தானா என்று கேட்கத் தெரிந்த வழக்குரைஞர்கள் கூடுதலாக இருந்திருந்தால், இத்தனை பத்தாண்டுகள் அது உயிரோடு இருந்திருக்காது.

மலைமேல் இரண்டும் ஒன்றாகவே வருகின்றன

பல்கலைக்கழகத்தில் சட்டத் துறையும் அறிவியல் துறையும் தனித்தனிக் கட்டடங்கள். மலைவாழ் பெண்ணின் வாழ்க்கையில் இரண்டும் ஒரே ஆளாகத்தான் வந்து கதவைத் தட்டுகின்றன.

சாதிச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியவர்கள் மலையாளிகள். 2011 கணக்கெடுப்பில் சுமார் மூன்றரை லட்சம் பேர். பழங்குடி என்ற சான்றிதழ் ஐயத்துக்கு உள்ளாகும்போது என்ன செய்ய வேண்டும் என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் மாதுரி பாட்டீல் வழக்கில் வழிமுறை வகுத்தது. வழக்கே மருத்துவக் கல்லூரி இடம் தொடர்பானதுதான். அந்தத் தீர்ப்பின்படி, விசாரணை அதிகாரி ஊருக்குப் போய் மானுடவியல், இனவரைவியல் கூறுகளைப் பார்க்க வேண்டும்: என்ன சாமி, என்ன சடங்கு, கல்யாணம் எப்படி, சாவுக்கு என்ன செய்வார்கள், எப்படிப் புதைப்பார்கள். பள்ளிக்கூடம் போய், விடுதியில் தங்கி, நகரத்தில் கல்லூரி படித்த பெண் இந்தக் கேள்விகளுக்குப் பாட்டி சொல்லும் பதிலைச் சொல்லவில்லை என்றால் அவள் பழங்குடி இல்லை என்று ஆகிவிடுமா? படிக்கத்தானே சான்றிதழ்? அந்தப் படிப்பே அவளுக்கு எதிரான சாட்சியாக மாறலாமா? இந்த 'ஒட்டுறவுச் சோதனை' இறுதி அளவுகோல் ஆகாது என்று 2011-இலும், மூன்று நீதிபதிகள் அமர்வாக 2023-இலும் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியதாயிற்று. மானுடவியல் தெரியாத சட்டமும் சட்டம் தெரியாத மானுடவியலும் சேர்ந்து போட்ட முடிச்சு அது.

பிணக்கூராய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லப்பட்ட 20 பேரை ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்தினர். ஜவ்வாது மலைக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். மோதல் என்றது காவல்துறை. கணவனை இழந்த திருவண்ணாமலை மாவட்டத்துப் பெண் ஒருவர், உடலை எரிக்காமல் மறுபடியும் பிணக்கூராய்வு வேண்டும் என்று நீதிமன்றம் போனார். ஆறு உடல்கள் திருவண்ணாமலை அரசு மருத்துவமனையில் காத்திருந்தன. ஐதராபாத் உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி மறு கூராய்வு நடந்தது. எந்தத் தூரத்திலிருந்து குண்டு வந்தது, முன்னாலிருந்தா பின்னாலிருந்தா என்று உடலே சொல்லும் என்பது அறிவியல். அந்த உடலைப் பேசவைக்க யாருக்கு உரிமை உண்டு என்பது சட்டம். பட்டம் எதுவும் இல்லாமல், துக்கத்துக்கு நடுவே, இரண்டையும் ஒரே மனுவில் சேர்த்தது ஒரு விதவையின் கோரிக்கை.

வன உரிமைச் சட்டமும் அப்படித்தான். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், இந்த நிலத்தில் நெடுநாளாக இருக்கிறோம் என்று மெய்ப்பிக்க வேண்டும். விதிகள் ஏற்கும் சான்றுகளின் பட்டியலில் செயற்கைக்கோள் படம் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்களின் எழுதி வாங்கப்பட்ட வாக்குமூலமும் இருக்கிறது. வானத்திலிருந்து எடுத்த படமும் ஒரு கிழவியின் வாய்ச்சொல்லும் ஒரே பட்டியலில் அருகருகே நிற்கின்றன. திருமணமானவர்களுக்குப் பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும் வர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இவ்வளவு நல்ல சட்டம் தமிழ்நாட்டில் நெடுங்காலம் முடங்கியது. 2008-இல் சென்னை உயர்நீதிமன்றம் இட்ட இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது தடைபட்டு, 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை விலக்கும்வரை எட்டு ஆண்டுகள் போயின. செயற்கைக்கோள் படத்தை வாசிக்கவும் தெரிந்து, அந்த விதியைக் காட்டி வாதிடவும் தெரிந்த ஒரு பெண் கிராமசபையில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜவ்வாதின் சாமையும் தேனும் புளியும் சந்தைக்குப் போகின்றன. விதையைப் பொறுக்கி, காயவைத்து, அடுத்த பட்டத்துக்குப் பாதுகாப்பதில் பெண்களின் கை இருக்கிறது. அந்த அறிவு யாருடையது என்ற கேள்வி எழுந்தால் அங்கேயும் இரண்டு படிப்பும் வேண்டும். வேப்பெண்ணெயிலிருந்து பூஞ்சைக்கொல்லி எடுக்கும் முறைக்கு 1994-இல் ஐரோப்பாவில் காப்புரிமை கொடுக்கப்பட்டது. வாங்கியவர்கள் அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும். அதை எதிர்த்து வழக்காடியவர்கள் மூன்று பெண்கள்: இயற்பியல் படித்த வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் மக்தா ஆல்ஃபூட், இயற்கை வேளாண்மை இயக்கத்தைச் சேர்ந்த லிண்டா புல்லார்ட். 2000-இல் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடும் தள்ளுபடியான நாள் 2005 மார்ச் 8. நம் காப்புரிமைச் சட்டமோ, காப்புரிமை முகவராகப் பதிவுசெய்ய வருகிறவரிடம் அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் கேட்கிறது. சட்டத்தின் இந்த மூலைக்குள் நுழைய அறிவியல்தான் சாவி.

படிக்க வழி என்ன?

அறிவியலையும் சட்டத்தையும் சேர்த்துப் படிக்க இந்தியாவில் இரண்டு வழிகள். ஒன்று பாத்திமா பீவியின் வழி: பி.எஸ்சி. மூன்று ஆண்டு, அதன்பின் எல்எல்.பி. மூன்று ஆண்டு, மொத்தம் ஆறு. மற்றொன்று பிளஸ் டூ முடித்தவுடன் சேரும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு. இந்த ஐந்தாண்டு முறை பெங்களூர் தேசியச் சட்டப் பள்ளி 1980களின் இறுதியில் தொடங்கிய பிறகு நாடெங்கும் பரவியது. ஓராண்டு மிச்சம், ஓர் ஏழை வீட்டுக்கு அது பெரிய மிச்சம்.

ஆனால் ஐந்தாண்டுப் படிப்பில் எந்தப் பட்டம் சட்டத்தோடு இணைகிறது? காந்திநகரில் உள்ள குஜராத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி., எல்எல்.பி. உண்டு. சென்னையில் நம் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியில் பி.ஏ., பி.பி.ஏ., பி.காம்., பி.சி.ஏ. ஆகியவை சட்டத்தோடு இணைந்து வருகின்றன. கணினிப் பயன்பாட்டைத் தவிர்த்தால், அறிவியலுக்கு அங்கே நாற்காலி இல்லை. உயிரியலும் வேதியியலும் படித்த மலைப் பெண் சட்டத்துக்கு வர வேண்டுமென்றால், அவற்றைக் கீழே இறக்கிவைத்துவிட்டு வர வேண்டும், அல்லது ஆறு ஆண்டுகளுக்கு வீட்டைச் சம்மதிக்க வைக்க வேண்டும்.

ஒரே நேரத்தில் இரண்டு முழுநேரப் பட்டங்கள் படிக்கலாம் என்று 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தபோது பலர் மகிழ்ந்தார்கள். சட்டத்துக்கு அது எளிதில் பொருந்தாது. இந்திய வழக்குரைஞர் கழகத்தின் 2008-ஆம் ஆண்டுச் சட்டக்கல்வி விதிகள், ஒருங்கிணைந்த படிப்பைத் தவிர, இரண்டு முழுநேரப் படிப்புகளில் ஒரே சமயத்தில் பதிவுசெய்வதைத் தடுக்கின்றன. அதே விதிகளில் இன்னொரு விளக்கம் இருக்கிறது: முறையான அடிப்படைப் படிப்பு இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்கள் சட்டத்தில் சேர முடியாது. இந்த வரி யாரைத் தடுக்கிறது? பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு, கல்யாணமாகி, பிள்ளை பெற்று, பிறகு அஞ்சல் வழியே திரும்பி வந்த பெண்ணைத்தான் பெரும்பாலும் தடுக்கும். சட்டக் கல்விக்கு உச்ச வயது வைத்த விதியும் அவளையே குறிவைத்தது. 2017-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. விதியில் 'பெண்' என்ற சொல்லே இருக்காது. 1916-இலும் 'நபர்' என்றுதான் இருந்தது.

இப்போது புதிதாக ஒன்று. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுத மூன்று ஆண்டு வழக்குரைஞர் அனுபவம் வேண்டும் என்ற பழைய நிபந்தனையை மீண்டும் கொண்டுவந்தது. நீதிமன்றம் சொன்ன காரணத்தை ஒதுக்கிவிட முடியாது. வழக்கு மன்றத்தையே பார்க்காதவர் நாற்காலியில் உட்கார்ந்தால் மக்களுக்குத்தான் சிரமம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 17 வயதில் பிளஸ் டூ, மூன்றாண்டு பி.எஸ்சி., மூன்றாண்டு சட்டம், மூன்றாண்டு அனுபவம்: 26. அந்தக் கடைசி மூன்று ஆண்டுகளில் மூத்த வழக்குரைஞரிடம் இளையவராக இருப்பவருக்கு நகரத்தில் அறை வாடகை யார் கொடுப்பது? வழக்குரைஞர் குடும்பத்துப் பெண்ணுக்கு அது பழகும் காலம். மலையிலிருந்து வந்தவளுக்கு அது பட்டினிக் காலம். 23 வயதில் தேறிய ஸ்ரீபதி இந்த விதியின்கீழ் விண்ணப்பமே போட்டிருக்க முடியாது.

ஸ்ரீபதியின் கதையை நாளிதழ்கள் தியாகக் கதையாகச் சொன்னன: பிரசவம் முடிந்த இரண்டாம் நாள், கணவரின் துணை, தாயின் ஆதரவு. எல்லாம் உண்மை. கேட்கப்படாத கேள்வி ஒன்றுதான். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு வேறு ஒரு நாள் தேர்வு வைக்க ஏன் முடியவில்லை? உடலை வருத்திக் கதவைத் தாண்டியவளைப் பாராட்டும்போது, கதவின் அகலம் யார் கண்ணிலும் படுவதில்லை. அந்த நாளில் காய்ச்சல் கண்டிருந்தால், கார் கிடைக்காமல் போயிருந்தால், ஜவ்வாதுக்கு இன்றும் அந்தச் செய்தி வந்திருக்காது.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடிப் பெண்களின் எழுத்தறிவு 46.8 விழுக்காடு. பாதிக்கு மேற்பட்டோருக்குப் படிக்கத் தெரியாத இடத்தில் இரட்டைப் பட்டம் பற்றிப் பேசுவது எதற்கு என்று கேட்கலாம். மேலே சொன்னவற்றையே திரும்பிப் பாருங்கள். சான்றிதழ் விசாரணை, பிணக்கூராய்வு, செயற்கைக்கோள் படம், இவை எழுத்தறிவு 100 விழுக்காடு ஆகட்டும் என்று காத்திருப்பதில்லை. மலையில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரட்டைப் பட்டதாரி தேவையில்லை. ஒரு மலைக்குச் சிலர் இருந்தால் போதும். அன்னா சாண்டி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தது எங்கோ பத்தனம்திட்டையில் ஒரு வீட்டின் கணக்கை மாற்றியதே.

ஆகவே கேட்க வேண்டியவை எளியவை. அரசு சட்டக் கல்லூரிகளில், அரசுக் கட்டணத்தில், பி.எஸ்சி.யோடு இணைந்த ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு வேண்டும். நின்று திரும்பி வந்த பெண்ணைத் தடுக்கும் விளக்கத்தை விதிகளிலிருந்து நீக்க வேண்டும். மூன்றாண்டு அனுபவம் கட்டாயம் என்றால், முதல் தலைமுறைப் பெண் வழக்குரைஞர் உண்டு உடுத்த அந்த மூன்று ஆண்டுகளுக்கு உதவித்தொகையும் கட்டாயம். பிள்ளைப்பேற்றுக்கு மாற்றுத் தேர்வு நாள் வேண்டும்.

காவலூர் தொலைநோக்கி இன்றும் மலையின் இருட்டிலிருந்து மேலே பார்த்துக்கொண்டிருக்கிறது. நீதிமன்றங்கள் கீழே சமவெளியில் இருக்கின்றன. நடுவே, சாமை வயலுக்கும் விடுதிக்கும் இடையே, பிளஸ் ஒன்னில் என்ன எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெண் ஒருத்தி இருப்பாள். உயிரியலா, சட்டமா என்று அவளிடம் யாராவது கேட்டால், ஏன் இரண்டில் ஒன்று என்று அவள் திருப்பிக் கேட்கட்டும்.